கேடயம் ஒரு பள்ளிக்கு. மைதானம் எல்லாப் பள்ளிகளுக்கும்

மும்பை கிரிக்கெட்டின் பெருமையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் வழக்கமாக நாலைந்து பெயர்களைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மெர்ச்சன்ட், கவாஸ்கர், வெங்சர்க்கார், டெண்டுல்கர் என்று பட்டியல் போகும். "இந்த ஊர் மண்ணுக்கே அந்த ராசி" என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்வார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

ஆனால் ராசியால் ஓர் ஊர் ரஞ்சிக் கோப்பையை 42 முறை வாங்கிவிட முடியாது. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் அந்தக் கோப்பையை வேறு எவருக்கும் விட்டுக் கொடுக்காமல் வைத்திருந்தது பம்பாய். அந்தப் பதினைந்தாவது ஆண்டின் இறுதியாட்டத்தைச் சென்னைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். சேப்பாக்கத்தில், நம் சொந்த மண்ணில், தமிழ்நாடு அணி முதல் இன்னிங்ஸில் 80 ரன்களுக்கும் இரண்டாவது இன்னிங்ஸில் 61 ரன்களுக்கும் சுருண்டது. ஐந்து நாள் ஆட்டம் மூன்றாம் நாள் முதல் பந்திலேயே முடிந்துபோயிற்று. நம்மைச் சுருட்டிய பத்மாகர் சிவால்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் பந்தயம்கூட ஆடாதவர். அப்படிப்பட்ட ஒருவரைக்கூட டெஸ்ட் அணிக்கு வெளியே வைத்துக்கொள்ளும் அளவுக்கு இந்த ஊரில் ஆட்டக்காரர்கள் மலிந்து கிடந்தார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தார்கள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஹாரிஸ் கேடயம், ஜைல்ஸ் கேடயம் என்ற இரு பந்தயங்கள்தான் இந்த ஊர் கிரிக்கெட்டின் நாற்றங்கால். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்த நாற்றங்கால் இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதில் நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்று யோசிப்பது கிரிக்கெட் பிரியர்களுக்கு மட்டும் உரிய வேலை அன்று. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் எல்லோருக்கும் அதில் அக்கறை இருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் பெயர், நம்மூர்ப் பிள்ளைகள்

ஹாரிஸ் பிரபு 1890 முதல் 1895 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அதற்கு முன் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர். ஆட்சியைவிட ஆட்டத்தில்தான் அவருக்கு மோகம் அதிகம் என்ற குறைச்சொல் அந்தக் காலத்திலேயே உண்டு. 1893-ல் பம்பாயில் பெரும் வகுப்புக் கலவரம் மூண்டபோது அவர் புனாவில் இருந்தார் என்றும், ஊருக்குத் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று என்றும் வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கவர்னர் என்ற முறையில் அவருக்கு நல்ல பெயர் இல்லை.

ஆனாலும் அவர் பெயர் தாங்கிய கேடயம் நிலைத்துவிட்டது. 1890-களில் வேர் பிடித்த பள்ளிகளின் விளையாட்டு அமைப்பு, இன்று மும்பைப் பள்ளிகள் விளையாட்டுச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. பெரிய பையன்களுக்கு ஹாரிஸ் கேடயம். சின்னப் பையன்களுக்கு ஜைல்ஸ் கேடயம். கிரிக்கெட்டோடு நில்லாமல் கால்பந்து, ஹாக்கி, தடகளம், குத்துச்சண்டை என்று பல விளையாட்டுகளுக்கும் இந்தச் சங்கம் பள்ளிகளுக்கிடையே பந்தயம் நடத்தி வருகிறது.

வெள்ளைக்காரர்கள் எந்த எண்ணத்தில் இதைத் தொடங்கி வைத்திருந்தாலும் சரி, தங்களைப் போல நம்மவர்களையும் கட்டுப்பாட்டுக்குப் பழக்கலாம் என்று அவர்கள் எண்ணியிருந்தாலும் சரி, ஆட்டம் சீக்கிரமே அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. கோட்டைப் பகுதியின் மிஷன் பள்ளிகள் ஒருபுறம், தாதர், மாட்டுங்கா பக்கத்துப் பள்ளிகள் மறுபுறம் என்று போட்டி வளர்ந்தது. பார்சிப் பிள்ளையும் மராத்திப் பிள்ளையும், குஜராத்தியும் முஸ்லிமும், கோவா கிறிஸ்தவரும் தென்னிந்தியரும் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்றார்கள். 1966-ல் நாட்டின் சிறந்த பள்ளி மாணவ ஆட்டக்காரர் என்று பெயரெடுத்த கவாஸ்கர் செயின்ட் சேவியர்ஸ் பள்ளிப் பையன். வெங்சர்க்கார் தாதர் கிங் ஜார்ஜ் பள்ளிக்காரர். ரவி சாஸ்திரி நம்மவர்கள் நிறைந்த மாட்டுங்காவின் டான் பாஸ்கோ பள்ளியில் படித்தவர்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு என்ன? அதற்குப் பெரிய ஸ்டேடியம் தேவைப்படவில்லை, டிக்கெட் இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு பள்ளியில் ஆர்வமுள்ள டிரில் மாஸ்டர் ஒருவர் இருந்தால் போதும். பதினோரு பையன்களைச் சேர்த்து, பெயர் கொடுத்து, மைதானத்துக்குக் கூட்டி வந்துவிடலாம். ஆஸாத் மைதானத்தில் மட்டும் 22 ஆடுகளங்கள் இருப்பதாகக் கணக்கு. ஒரு ஆட்டத்தின் பந்துத் தடுப்பாளர் அடுத்த ஆட்டத்தின் நடுவருக்குப் பக்கத்தில் நிற்பார். எந்தப் பந்து எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது என்று புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. வெள்ளை உடை போட்ட பையன், தன் உயரத்துக்குச் சரியாக இருக்கும் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லோக்கல் வண்டியில் வி.டி. வரையில் நின்றுகொண்டே வருவான். கூட்டத்தில் திட்டும் வாங்குவான், இடமும் வாங்குவான். இன்றும் காலை வண்டிகளில் இக்காட்சியைக் காணலாம். மும்பையின் ரயிலும் மைதானமும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு இது என்றால் அது மிகையாகாது.

664 ரன்களும், காத்திருந்த ஒரு பையனும்

இந்தப் பந்தயங்களின் வரலாற்றில் உலகமே அறிந்த நாள் 1988 பிப்ரவரியில் வந்தது. ஹாரிஸ் கேடய அரை இறுதியாட்டம். இடம் ஆஸாத் மைதானம். தாதர் சாரதாஷ்ரம் பள்ளிக்கும் கோட்டை செயின்ட் சேவியர்ஸ் பள்ளிக்கும் போட்டி. சாரதாஷ்ரம் 84 ரன்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்தது. அதன்பின் சேர்ந்த இரண்டு பையன்களும் கடைசி வரையில் ஆட்டம் இழக்கவில்லை. வினோத் காம்ப்ளி 349. சச்சின் டெண்டுல்கர் 326. இருவரும் சேர்ந்து எடுத்தது 664. ஆட்டத்தை முடித்துக்கொள்ளும்படி எல்லைக்கோட்டிலிருந்து சைகை மேல் சைகை வந்தும், இருவரும் அந்தப் பக்கம் திரும்பாமலே ஆடினார்கள் என்பது பின்னாளில் அவர்களே சொல்லிச் சிரித்த கதை. 748 ரன்களில் ஒருவாறு ஆட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், 16 வயதில், டெண்டுல்கர் கராச்சியில் டெஸ்ட் ஆடப் போய்விட்டார்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆட்டத்தில் இருந்த இன்னும் இரண்டு பேரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

ஒருவர் அமோல் முசும்தார். வயது 13. சாரதாஷ்ரம் அணியில் அடுத்து இறங்க வேண்டியவர். காலில் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், அந்த 664 ரன்களும் எடுக்கப்பட்டு முடியும் வரையில் உட்கார்ந்தே இருந்தார். அவருக்கு முறை வரவே இல்லை. பின்னர் 1994-ல் தன் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ரன் குவித்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ரன்களுக்கு மேல் சேர்த்தார். 2006-07-ல் மும்பை அணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பையை வாங்கித் தந்தார். ஆனாலும் இந்திய அணிக்கு ஒருநாளும் அவரை அழைக்கவில்லை. காத்திருப்பதே அவர் தலையெழுத்து என்று ஊரே பரிதாபப்பட்டது. ஆனால் 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றபோது, அந்த அணியின் பயிற்சியாளர் அதே முசும்தார்தான்.

மற்றொருவர் சாய்ராஜ் பஹுதுலே. அவர் செயின்ட் சேவியர்ஸ் பந்து வீச்சாளர். அதாவது அந்த இருவரிடமும் அடி வாங்கிய பக்கத்தைச் சேர்ந்தவர். அன்று அவர் பந்து வீச்சில் 180 ரன்களுக்கு மேல் போயின. விக்கெட் ஒன்றும் விழவில்லை. அந்த அடியோடு பந்தைக் கீழே போட்டுவிட்டு அவர் போய்விடவில்லை. மும்பைக்குப் பல ஆண்டுகள் ஆடினார். 2001-ல் இந்தியாவுக்காக டெஸ்டும் ஆடினார்.

பள்ளிப் பந்தயம் என்பது என்ன என்று என்னைக் கேட்டால், இந்த இருவரைத்தான் காட்டுவேன். டெண்டுல்கரைப் போன்ற மேதை எங்கே பிறந்திருந்தாலும் ஏதோ ஒரு வழியில் மேலே வந்திருப்பார். முறை வராமல் காத்திருந்த பையனையும், அடி வாங்கிய பையனையும் மறுநாளும் மைதானத்துக்கு வரவழைக்கும் ஏற்பாடுதான் ஓர் ஊரின் ஆட்டத்தை வளர்க்கிறது. தோற்றவர்களும் தொடர்ந்து ஆடினார்கள் என்பதால்தான் வென்றவர்களின் வெற்றிக்கு மதிப்பு இருந்தது.

ரன்கள் ஏறின, பந்தயம் தாழ்ந்தது

அதற்குப் பிறகு நடந்தது என்ன? பள்ளிக் கிரிக்கெட்டில் ரன் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. 2006-ல் ஹைதராபாதில் 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் இரண்டு சிறுவர்கள் ஆட்டமிழக்காமல் 721 ரன் சேர்த்து, 664 சாதனையை முறியடித்தார்கள். எதிர்த்து ஆடிய பள்ளி 21 ரன்னில் சுருண்டது. மும்பையில் 2009-ல் ஹாரிஸ் கேடயத்தில் 12 வயது சர்ஃபராஸ் கான் 439 ரன் எடுத்தார். 2013-ல் பிருத்வி ஷா அதே கேடயப் போட்டியில் 546 ரன் எடுத்தார். இருவரும் ஒரே பள்ளியான ரிஸ்வி ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்தவர்கள். இருவரும் பின்னர் இந்திய அணிக்கு வந்தார்கள். அவர்கள் திறமையை யாரும் மறுக்க முடியாது.

2016 ஜனவரியில் கல்யாணில் எல்லாவற்றையும் மிஞ்சிய ஒன்று நடந்தது. அது ஹாரிஸ் கேடயம் அன்று. மும்பை கிரிக்கெட் சங்கம் நடத்திய வேறொரு பள்ளிப் பந்தயம். பிரணவ் தனவடே என்ற மாணவர், ஓர் ஆட்டோ டிரைவரின் மகன், ஆட்டமிழக்காமல் 1,009 ரன் எடுத்தார். 1899-ல் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில் காலின்ஸ் என்ற மாணவர் எடுத்த 628 ரன் சாதனை நூறாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது. அதுவும் அன்று போயிற்று. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் படம் போட்டன. கல்யாணில் குடியிருக்கும் நம்மவர்கள் பலரும் தங்கள் ஊருக்கு வந்த பெருமையாக அதைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான், ஒரு ஏழைப் பையனின் உழைப்பு அது.

ஆனால் அந்த ஆட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் பள்ளி 3 விக்கெட்டுக்கு 1,465 ரன் எடுத்தது. எதிர்த்து ஆடிய பள்ளி முதல் முறை 31, இரண்டாம் முறை 52. அந்தப் பள்ளியின் வழக்கமான ஆட்டக்காரர்கள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று ஆட வராததால், அவர்களுக்குப் பதில் சின்னப் பையன்களை மைதானத்தில் இறக்கினார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. அந்தச் சிறுவர்கள் வெயிலில் நின்று 1,465 ரன்களுக்குப் பந்து பொறுக்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் மறு வாரம் மட்டையைத் தொட்டிருப்பார்கள்? அங்கே ஒரு பஹுதுலே நின்றிருந்தால்கூட அன்றோடு அவர் கதை முடிந்திருக்கும் அல்லவா?

ஆயிரம் ரன் எடுத்தவருக்கும் அந்த ஆட்டம் நன்மை செய்ததா என்பது சந்தேகமே. மறு ஆட்டத்திலிருந்து அவர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னையும் ஆயிரத்தோடு ஒப்பிட்டார்கள். கிரிக்கெட் சங்கம் அளித்த உதவித்தொகையை, மகனின் ஆட்டம் சரியில்லை என்று சொல்லி, 2017-ல் அவர் தந்தையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு பையனின் தலையில் ஊரே ஏறி உட்கார்ந்த கதை அது. பிழை அந்தப் பையனுடையது அன்று; அவர் அடித்த பந்துகளைப் போட்ட பையன்களுடையதும் அன்று. சமமில்லாதவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு, விழுந்த எண்ணிக்கையைக் கண்டு கை தட்டும் பெரியவர்களுடைய பிழை அது.

நல்ல ஆட்டக்காரன் நல்ல பள்ளிக்குப் போகக் கூடாதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். டெண்டுல்கரே பாந்த்ராவில் படித்த பள்ளியை விட்டு, கிரிக்கெட்டுக்காகத்தானே சாரதாஷ்ரம் பள்ளிக்கு வந்தார்? அங்கே ரமாகாந்த் அச்ரேகர் இருந்ததால்தானே அவர் உருவானார்? நல்ல பயிற்சியாளரிடம் நல்ல பையன்கள் போய்ச் சேர்வது இயற்கை அல்லவா? சில பள்ளிகள் ஆட்டக்காரர்களைத் திரட்டுவதைக் குறை சொன்னால், அடுத்த டெண்டுல்கர் எப்படி வருவார்?

கேள்வி சரியானதுதான். அச்ரேகர் போன்ற ஆசான் கிடைப்பது அரிது. ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஆட்டமிழக்காமல் ஆடி முடித்தால் நாணயம் பையனுக்கு என்று சொல்லிப் பழக்கியவர். டெண்டுல்கரைத் தம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, மைதானம் மைதானமாகக் கொண்டுபோய் ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆட வைத்தவர். அவரைத் தேடிப் பிள்ளைகள் போனதில் தவறே இல்லை. அதைச் சட்டம் போட்டுத் தடுக்கவும் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1988-ல் சாரதாஷ்ரம் பள்ளியை எதிர்த்து நின்ற அணியில் பின்னாளைய டெஸ்ட் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அதாவது திறமை ஓரிடத்தில் திரண்டிருந்தும், எதிர்ப்பக்கம் காலியாகிவிடவில்லை. இன்று பணமும் பயிற்சியும் ஆட்டக்காரர்களும் சில பள்ளிகளில் மட்டும் சேர்ந்துகொண்டே போனால், மற்றப் பள்ளிகள் ஒப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முதல் சுற்றில் அடி வாங்கித் திரும்பும் நிலை வரும். சில ஆண்டுகளில் பெயர் கொடுப்பதையும் நிறுத்திவிடும். அப்போது வலுவான பள்ளியின் பையன்களுக்கும் எதிர்த்து ஆட ஆள் இருக்காது. தராசின் ஒரு தட்டை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் எடை பார்க்க முடியாது.

இதற்கு மருந்தைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. இதே ஊரில் மழைக்காலத்தில் நடக்கும் காங்கா லீக் 1948-ல் தொடங்கியது. அதில் சங்கங்களைப் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள். நன்றாக ஆடினால் மேல் பிரிவுக்கு ஏற்றம். மோசமாக ஆடினால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். ஏழைச் சங்கமும் தனக்குச் சமமானவர்களோடு ஆடுகிறது. வளர்ந்தால் மேலே போகிறது. பள்ளிப் பந்தயங்களிலும் இந்தத் தத்துவம் முழுமையாக வேரூன்ற வேண்டும். முதல் தோல்வியோடு ஆண்டு முழுவதும் வீட்டுக்குப் போ என்று எந்தப் பள்ளியையும் அனுப்பக் கூடாது. ஒரு பையனுக்கு ஆண்டில் ஐந்தாறு ஆட்டமாவது கிடைத்தால்தான் அவனிடம் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியும்.

நம் பிள்ளைகள் எங்கே?

இனி நம் வீட்டுக்கு வருவோம். தாராவியிலும் சயானிலும், செம்பூரிலும் முலுண்டிலும், டோம்பிவிலியிலும் கல்யாணிலும் தமிழர்கள் எத்தனை தலைமுறையாக இருக்கிறோம்! மாட்டுங்காவில் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்டவர்கள் நாம். கல்வி என்று வந்தால் நம்மவர்கள் கடன் வாங்கியாவது செலவு செய்வார்கள். விளையாட்டு என்று வந்தால் மட்டும் கை இறுகிவிடுகிறது.

"மட்டை பிடித்தவன் எல்லாம் டெண்டுல்கராகி விடுவானா? பத்தாம் வகுப்பு மார்க்தான் சோறு போடும்" என்பதுதான் நம் வீடுகளில் தினந்தோறும் கேட்கும் மந்திரம். இது பொறுப்பில்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒரே சம்பளத்தில், சாலில் ஓர் அறையில், நாலு பேர் வாழும் குடும்பத்தின் பயம் அது. ஊரில் நிலம் இல்லை. இங்கே சொந்தக் கூரை இல்லை. பையன் படித்தால்தான் உண்டு என்று நினைப்பவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். டெண்டுல்கர் ஆவதற்காக யாரும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. தோற்றுவிட்டு மறுநாள் தலைநிமிர்ந்து வரக் கற்பதற்காக அனுப்பினால் போதும். பள்ளியில் ஒரு பாடத்தில் தவறியதற்கே உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் தேர்வு முடிவு நாளில் படிக்கிறோம். தோல்வியைச் சின்ன அளவில், பலமுறை, நண்பர்கள் நடுவில் பழக்கும் இடம் விளையாட்டு மைதானத்தைத் தவிர வேறு எது?

சோறு போடாது என்பதும் முழு உண்மை அன்று. ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி ஒதுக்கீட்டில் ஆண்டுதோறும் ஆள் எடுக்கிறார்கள். அந்த வழியில் வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கௌரவமாகக் குடும்பம் நடத்தும் கபடி வீரர்களையும் ஓட்டக்காரர்களையும் ஹாக்கி ஆட்டக்காரர்களையும் எங்கள் அலுவலகங்களில் காணலாம். பல ஆண்டுகள் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய மிதாலி ராஜ் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, செகந்திராபாதில் வளர்ந்து, ரயில்வே அணிக்கு ஆடியவர். நம்மைப் போல வெளிமாநிலத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம்தான் அவருடையதும். அந்த வீட்டிலும் மார்க் கவலை இருந்திருக்கும். ஆனாலும் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பினார்கள். ஹாரிஸ், ஜைல்ஸ் இரண்டும் பையன்களுக்கான கேடயங்கள். நம் பெண்பிள்ளைகளுக்கும் அதே பெயரும் பெருமையும் உள்ள பள்ளிப் பந்தயம் வேண்டும் என்று கேட்க, 2025 உலகக் கோப்பைக்குப் பிறகாவது நமக்கு வாய் திறக்க வேண்டாமா?

பெற்றோர் மனம் மாறினால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். நம் எளிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் வழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கும் பள்ளிகளில் பல, மைதானம் இல்லாத மாடிக் கட்டடங்கள். நல்ல மட்டை ஒன்றின் விலை, ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. பேடு, கையுறை, தலைக்கவசம் என்று சேர்த்தால் மாதச் சம்பளமே போய்விடும். கார்க் பந்தில் தெருவில் ஆடிப் பழகிய பையனை நேராக லெதர் பந்துக்கு முன்னால் கொண்டு நிறுத்தினால் அவன் என்ன செய்வான்?

மைதானமும் சுருங்கி வருகிறது. மெட்ரோ ரயில் வேலைக்காக ஆஸாத் மைதானத்தின் ஒரு பகுதியைப் பல ஆண்டுகள் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்தோம். மெட்ரோ வேண்டும், ரயில்வேக்காரன் நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நகரத்தில் எந்தப் பொதுக் காரியம் என்றாலும் முதலில் கண்ணில் படுவது பிள்ளைகள் ஆடும் மைதானம்தான் என்ற நிலைமை நல்லதல்ல. மூச்சு விடும் இடத்தை எல்லாம் அடைத்துவிட்டு ஆஸ்பத்திரி கட்டுவதில் என்ன பயன்?

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் பேசிப் பயனில்லை. செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மாநகராட்சிப் பள்ளிகளில் நாலைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரே அணியாகப் பெயர் கொடுக்க வழி செய்ய வேண்டும். தனித்தனியே பதினோரு பேர் தேறாத இடத்தில் சேர்ந்தால் தேறுவார்கள். பள்ளிச் சங்கமும் மாநகராட்சிக் கல்வித் துறையும் உட்கார்ந்து பேசினால் முடியாததல்ல.

இரண்டாவது, மும்பையில் நமக்குத் தமிழ்ச் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் குறைவில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பணம் சேர்கிறது. நடிகரை வரவழைக்கச் சேர்கிறது. ஆண்டுக்கு ஒரு விழாவின் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கு இரண்டு மட்டைப் பைகளும், ஒரு கால்பந்துச் செட்டும் வாங்கிக் கொடுத்தால் என்ன? மேடையில் போர்த்தும் பொன்னாடை மறுநாள் பெட்டிக்குள் போய்விடும். மட்டை பத்துப் பையன்கள் கையில் மாறி மாறிப் புழங்கும்.

மூன்றாவது, ஓய்வு பெற்ற நம்மவர்களில் விளையாடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒரு பள்ளிக்குக் கொடுக்க அவர்கள் முன்வர வேண்டும். ஸ்கோர் எழுதவும் நடுவராக நிற்கவும் ஆள் கிடைத்தாலே பள்ளி ஆசிரியரின் பாதிச் சுமை குறையும்.

நான்காவது, பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கு. பள்ளி ஆட்டச் செய்தி என்றால் எத்தனை ரன் என்று மட்டும் எழுதுகிறோம். எத்தனை பள்ளிகள் கலந்துகொண்டன, சென்ற ஆண்டைவிடக் கூடியதா, குறைந்ததா, மாநகராட்சிப் பள்ளிகள் எத்தனை என்று எழுதுவதில்லை. இனியாவது அதையும் எழுத வேண்டும்.

ஒரு பள்ளிப் பந்தயத்தின் ஆரோக்கியத்தை அதில் விழுந்த பெரிய எண்ணிக்கையைக் கொண்டு அளக்கலாகாது. முதல் சுற்றில் தோற்ற பள்ளி அடுத்த ஆண்டும் பெயர் கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கொடுக்கும் பள்ளிகளின் பட்டியலில் தாராவியின் ஒரு தமிழ்ப் பள்ளியும் இருக்கும் நாள் வர வேண்டும். அது கேடயம் வாங்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஆடட்டும், தோற்கட்டும், மறு ஆண்டும் வரட்டும். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.